பசை டப்பாவில் ‘1,600 டிகிரி’ என்று மட்டும் போட்டால் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கோவை கணபதியில் 31 வருடமாக ஹீட் ட்ரீட்மென்ட் வேலை செய்கிறேன். டை, கட்டர் மாதிரியான உருப்படிகளைச் சூடாக்கிக் கடினப்படுத்தும் தொழில். வேக்குவம் ஃபர்னஸுக்குள், அதாவது காற்றை வெளியே எடுத்துவிட்ட அடுப்புக்குள், அவற்றை அடுக்கி வைக்கும் தட்டுகள் இப்போது கார்பன் இழைக் கலவையில் வருகின்றன. எடை குறைவு, சூட்டில் வளையாது. விலைதான் எங்களைப் போன்ற சின்னப் பட்டறைக்குத் தாங்காது.

போன வருடம் ஒரு தட்டின் கால் உடைந்தது. சாதாரண எபாக்சி பசை 200 டிகிரிக்கே விட்டுவிடும் என்பதால், ‘1,600 டிகிரி தாங்கும்’ என்று போட்டிருந்த ஒரு டப்பாவை வாங்கினோம். சிலிகேட் பசை. சாயங்காலம் ஒட்டி, காலையில் நேராக அடுப்பில் ஏற்றினோம். உள்ளே இருந்த ஈரம் ஆவியாகி, எண்ணெயில் போட்ட அப்பளம் மாதிரி பசை கொப்பளித்துவிட்டது. சரி என்று சுரண்டி எடுத்து, இரண்டு நாள் காய வைத்து, நூறு டிகிரிக்குக் கீழேயே சில மணி நேரம் வைத்து, அப்புறம் மெல்ல ஏற்றினோம். பிடித்துக்கொண்டது.

அதே தட்டை டெம்பரிங் அடுப்பிலும் வைத்தோம். கடினப்படுத்திய உருப்படி நொறுங்காமல் இருக்க மறுபடி குறைந்த சூட்டில் வைக்கும் அடுப்பு அது. அங்கே 550 டிகிரிதான், ஆனால் காற்று உண்டு. மூன்றாவது வாரம் கால் மறுபடி கழன்றது. பசை அப்படியே கல் மாதிரி இருந்தது. அதைச் சுற்றியிருந்த கார்பன்தான் அரித்துப்போயிருந்தது.

எங்களிடம் வேலை கொடுக்கும் ஓய்வுபெற்ற பொறியாளர் ஒருவர் பார்த்துவிட்டு விளக்கினார். கார்பன் காற்றில்லாத இடத்தில் 2,000 டிகிரியையும் தாங்கும். காற்று பட்டால் 500 டிகிரி வாக்கிலேயே எரியத் தொடங்கிவிடும். சிலிகேட் பசையில் உள்ள சோடியம் அந்த எரிதலை இன்னும் வேகப்படுத்தும். பாஸ்பேட் வகை அதை மட்டுப்படுத்தும். இரண்டும் ஒரே அலமாரியில், ஒரே மாதிரி டப்பாவில் விற்கின்றன! இன்னொன்றும் சொன்னார்: கார்பன் சூட்டில் விரிவதே இல்லை என்று சொல்லும் அளவுக்குக் குறைவாகத்தான் விரியும். அலுமினா (அலுமினிய ஆக்சைடு) தூள் கலந்த பசை அதைவிடப் பல மடங்கு விரியும். சூடு ஏறி இறங்க இறங்க ஒட்டு விண்டுபோகும். கிராஃபைட்டும் கார்பன்தான்; அந்தத் தூள் கலந்த பசையானால் இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவில் விரியும்.

பெரிய இடங்களில் இதையெல்லாம் பார்த்துத்தான் செய்கிறார்கள். 2003ல் கொலம்பியா விண்கலம், இறக்கையின் கார்பன் விளிம்பு உடைந்திருந்ததால் சிதறி, கல்பனா சாவ்லா உட்பட ஏழு பேர் இறந்தார்கள். அதன் பிறகு அந்த விளிம்பில் விழும் விரிசலை அடைக்க நாசா ஒரு பசை தயாரித்தது. விளிம்பின் மேல்பூச்சு சிலிக்கான் கார்பைடு என்ற, சூடு தாங்கும் கடினமான பொருள். ஆகவே பசையிலும் அதே தூளைக் கலந்தார்கள். 2005ல் டிஸ்கவரி விண்கல வீரர்கள் விண்வெளியிலேயே அதை மாதிரித் துண்டுகளில் கரண்டியால் தடவிப் பார்த்தார்கள். நம் மகேந்திரகிரி இஸ்ரோ மையத்தில் 2024ல் சோதித்த கார்பன் நாசிலுக்கும் (ராக்கெட் எஞ்சினில் வாயு வெளியேறும் வாய்), அது எரியாமல் இருக்கச் சிலிக்கான் கார்பைடு பூச்சு கொடுத்தார்கள்.

எங்களுக்கு அந்த அளவு ஆய்வு வேண்டாம். டப்பாவின் மேல் நாலு வரி வேண்டும். அந்த 1,600 டிகிரி பசைக்கா, ஒட்டுக்கா? காற்றிலா, காற்றில்லாமலா? சோடியம் இருக்கிறதா? எத்தனை மணி நேரம், எந்தச் சூட்டில் காய வைக்க வேண்டும்? இதைத் தமிழிலும் அச்சிட வேண்டும். அடுப்படியில் நின்று பசை தடவுகிற பையன்களில் பலருக்கு இங்கிலீஷ் குறிப்பேடு படிக்க வராது. தயாரிப்பாளர்கள் தாமாகச் செய்யாவிட்டால், தொழில் துறை அதிகாரிகளும் எங்கள் சங்கங்களும் கேட்டு வாங்க வேண்டும். ஐடிஐ பாடத்திலும் இந்தப் பசைகளுக்கு ஒரு வகுப்பு ஒதுக்கலாம்.

அந்தத் தட்டுக்குப் போன பணம் எங்கள் பட்டறையில் ஒரு ஆளின் இரண்டு மாதச் சம்பளம்.

இப்படிக்கு,
ஹீட் ட்ரீட்மென்ட் பட்டறைக்காரர்,
கணபதி, கோவை