அஞ்சு கிலோ தம்பிக்கும் மூட்டை தூக்கிய எல்லாருக்கும்

வீட்டில் பியர் காய்ச்சும் நம் குழு நண்பர்களே,

மனைவியை ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டி வந்து நான்கு நாள் ஆகிறது. நேற்று காலை கஞ்சியில் உப்பில்லை என்று என் மனைவி என்னைத் திட்டினார். அந்தத் திட்டு காதில் எப்படி இனித்தது என்று கல்யாணம் ஆனவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நடந்ததை மறுபடி எழுதப் போவதில்லை. உங்களுக்குத் தெரியும், பாதி நேரம் நீங்களும் அந்தப் பிளாஸ்டிக் நாற்காலிகளில்தான் உட்கார்ந்திருந்தீர்கள். ஒவ்வொருவராகப் போனில் கூப்பிட்டு நன்றி சொல்லலாம் என்றுதான் ஆரம்பித்தேன். இரண்டாவது ஆளிடமே தொண்டை அடைத்துக்கொண்டது. அவரும் "சரி சரி, விடுங்கண்ணே" என்று போனை வைத்துவிட்டார். அதனால் எழுதுகிறேன்.

முதலில் மூட்டைகள்.

அந்தத் திங்கட்கிழமை காலை, குழுவாகச் சேர்ந்து வாங்கிய 14 மூட்டை மால்ட், அதாவது பியருக்கான பார்லி, வந்து இறங்கும் என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது. மூட்டைக்கு 25 கிலோ, ஆக மொத்தம் 350 கிலோ. நான் அவசரப் பிரிவு வாசலில் நிற்கிறேன். லாரிக்காரர் கூப்பிட்டு, எல்லாவற்றையும் ஒன்பதாவது மாடியில் மின்தூக்கிக்கு எதிரே அடுக்கிவிட்டதாகச் சொல்கிறார். சிங்கப்பூரில் வீவக (அரசு அடுக்குமாடி வீடு) நடைபாதையில் 1.2 மீட்டர் வழி விட்டிருக்க வேண்டும் என்பது தீப் பாதுகாப்பு விதி. மூட்டை அடுக்கிய பிறகு அங்கே ஒரு பூனை போகத்தான் வழி இருந்ததாம். குழுவில் ஒரே வரி போட்டேன்: "மூட்டையை யாராவது எடுத்துடுங்க, நான் ஆஸ்பத்திரில."

ஏன், எதற்கு, எந்த ஆஸ்பத்திரி என்று ஒருவரும் கேட்கவில்லை. ஜூரோங்கிலிருந்து ஒருவர் வேனோடு வந்தார். பொங்கோலிலிருந்து ஒருவர் அரை நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு தள்ளுவண்டியோடு வந்தார், அதுவும் எம்ஆர்டி ரயிலில். எதிர்வீட்டுச் சீனத் தம்பதி ஆறு மூட்டையைத் தங்கள் சோபாவுக்குப் பின்னால் வைத்துக்கொண்டார்கள். பக்கத்து வீட்டு மலாய் அக்கா என் மகளுக்கு 11 நாளும் இரவுச் சாப்பாடு கொடுத்தார். சாமான் கொடுத்த கடைக்குப் பாக்கிப் பணத்தை, 9 விழுக்காடு பொருள் சேவை வரியும் சேர்த்து, யாரோ கட்டியிருக்கிறார்கள். யார் என்று நான்கு நாளாகக் கேட்கிறேன், எல்லாரும் "நான் இல்லை" என்கிறீர்கள். 11 பேர் இருக்கிற குழுவில் 11 பேரும் இல்லை என்றால் கணக்கு எப்படி? பிரித்துக் கொடுக்கும்போது இரண்டு கிலோ குறைந்ததாம், அதையும் யாரோ தன் பங்கில் கழித்துக்கொண்டிருக்கிறார். உங்கள் எல்லாருக்கும் சேர்த்து ஒரு பெரிய கும்பிடு. தனித்தனியாக எழுத ஆரம்பித்தால் இது முடியாது.

குழுவுக்கு வெளியே இருந்து படிப்பவர்களுக்காக ஒரு வார்த்தை. நாங்கள் வீட்டில் பியர் காய்ச்சுகிறவர்கள். "காய்ச்சுவது" என்றதும் முகம் சுளிக்காதீர்கள். ஊரில் இருக்கிற சொந்தக்காரர்களிடம் என் மாமியார் "மாப்பிள்ளை சிங்கப்பூர்ல காய்ச்சுறார்" என்று போனில் சொல்லிவிட்டு, அந்தப் பக்கம் அமைதியானதும் பதறிப்போனார். வடிப்பது வேறு, அதற்கு இங்கே வீட்டில் அனுமதி கிடையாது. நாங்கள் செய்வது முளைகட்டி உலர்த்திய பார்லியை வெந்நீரில் ஊறவைத்து, அந்தச் சாற்றைக் கசப்புக்கு ஹாப்ஸ் பூ போட்டுக் கொதிக்கவைத்து, ஆறியதும் ஈஸ்ட் போட்டுப் புளிக்கவிடுவது. மாவு புளிப்பதற்கு அக்கா தங்கச்சி உறவு. சொந்த வீட்டில், சொந்தக் குடிக்கு, 18 வயது ஆனவர்கள், ஒரு வீட்டுக்கு மாதம் 30 லிட்டருக்குள், விற்காமல் செய்தால் உரிமம் வேண்டாம். 2004லிருந்து இங்கே இப்படித்தான்.

கூட்டாக வாங்குவதற்குக் காரணம் காசு மட்டும் கிடையாது. 20 லிட்டர் காய்ச்ச நாலரை, அஞ்சு கிலோ மால்ட் போதும். மாதம் 30 லிட்டர் என்ற வரம்பில் ஒரே வீட்டில் ஒரு மூட்டை தீர மூன்று மாதத்துக்கு மேல் ஆகும். நம் ஊர்ப் புழுக்கத்தில் மூட்டை வாயைத் திறந்துவிட்டால், அரிசியில் வருகிற அதே வண்டு இதிலும் வரும். அரைத்துவிட்டாலோ இரண்டு மூன்று வாரத்தில் வாசனையே செத்துவிடும். பத்து வீடு பங்குபோட்டால் அவரவர் எடுத்துப் போய்க் காற்றுப் புகாத டப்பாவில் அடைத்துவிடலாம். (மாமியார் நான் இல்லாத நாளில் என் மால்ட் டப்பாவில் வேப்பிலையும் காய்ந்த மிளகாயும் போட்டு வைத்திருக்கிறார். இந்தப் பொழுதுபோக்கே பிடிக்காதவர். மிளகாயைப் பொறுக்கி எடுத்துவிட்டேன், வேப்பிலை உள்ளேயே இருக்கட்டும்.)

இனி, தம்பி.

குழுவில் ஒவ்வொரு முறையும் ஒருவர் அஞ்சு கிலோ மட்டும் கேட்பார். மற்றவர்கள் முழு மூட்டை, அரை மூட்டை என்பார்கள். பட்டியலின் கடைசியில் ஒரு வரி வரும்: "எனக்கு வழக்கம்போல 5 கிலோ அண்ணே, நன்றி." மின்தூக்கி பழுதுபார்க்கிற வேலை. ஊர் புதுக்கோட்டைப் பக்கம். உட்லண்ட்சில் ஒரு வீட்டில் ஓர் அறை வாடகைக்கு எடுத்திருக்கிறார். வீட்டுக்காரம்மா இரண்டு மாதத்துக்கு ஒரு ஞாயிறு சமையலறையை விட்டுக்கொடுப்பார், அன்றைக்கு ஒரு தடவை காய்ச்சுவார். அதற்குத்தான் அந்த அஞ்சு கிலோ.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அந்த அஞ்சு கிலோ எனக்குத் தொல்லையாகவே இருந்தது. அதற்காக ஒரு மூட்டையைப் பிரித்து, தராசை எடுத்து, பை தேடி அள்ள வேண்டும். பல தடவை கண்ணளவில் அள்ளிப் போட்டிருக்கிறேன். நாலு கிலோ எண்ணூறு, தொள்ளாயிரம் போயிருக்கும். அவர் ஒரு நாளும் சொன்னதில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை மாலைதான் நான் ஒரு பிட்டர் (ஆங்கிலேய வகை பியர்) காய்ச்சி முடித்திருந்தேன். மால்ட்டில் மாரிஸ் ஆட்டர் வகை நாலரை கிலோ, கிரிஸ்டல் கால் கிலோ. புளிக்கவைக்கும் பாத்திரமான ஃபெர்மென்டரை, வீட்டுக்குள்ளேயே இருக்கிற பதுங்கு அறையான பாம் ஷெல்ட்டரில் பெரிய தொட்டித் தண்ணீருக்குள் இறக்கி, ஈரத்துண்டு சுற்றி, வாசலில் மேசைக் காற்றாடி வைத்து, "ஈஸ்ட் போட்டாச்சு" என்று படம் எடுத்துக் குழுவில் பீற்றிக்கொண்டேன். விடிவதற்குள் எல்லாம் தலைகீழாகிவிட்டது. அப்படி ஒரு ஃபெர்மென்டர் வீட்டில் இருக்கிறது என்பதே என் நினைவில் இல்லை. மூட்டை தூக்கிய பத்துப் பேர் நினைவிலும் இல்லை. அந்தப் படத்தை ஞாபகம் வைத்திருந்தவர் ஒருவர்தான்.

காய்ச்சுகிறவர்களுக்குத் தெரியும், முதல் மூன்று நாள்தான் உயிர்நாடி. நான் போட்ட ஈஸ்டுக்கு 20 பாகை செல்சியஸை ஒட்டி இருக்க வேண்டும். நம் வீட்டுக்குள் 29, 30. ஈஸ்ட் வேலை செய்ய ஆரம்பித்தால் அதுவே இன்னும் சில பாகை சூட்டைக் கிளப்பும். அப்படியே விட்டால் பழவாடையும், குடித்த மறுநாள் மண்டையைப் பிளக்கிற காரமும்தான் மிஞ்சும். (30 பாகைக்கு மேலேயே சந்தோஷமாக வேலை செய்கிற நார்வே க்வெய்க் ஈஸ்ட் இருக்கிறதே என்று குழுவில் சிலர் ஆரம்பிப்பீர்கள். இருக்கிறது, நல்ல சாமான்தான், ஆனால் என் பிட்டருக்குப் போட மாட்டேன். இந்தச் சண்டையை அடுத்த மாதம் வைத்துக்கொள்வோம்.)

திங்கள் இரவு தன் அஞ்சு கிலோவை எடுக்க வந்தவர், "அத்தை, அந்த அறையைக் கொஞ்சம் பாக்கலாமா?" என்று என் மாமியாரிடம் கேட்டிருக்கிறார். அன்றிலிருந்து காலையில் வேலைக்குப் போகும்முன் ஒரு தடவை, இரவு வேலை முடிந்து ஒரு தடவை. எங்கள் ஃபிரீசரில் ஐஸ் பாட்டிலுக்கு இடமில்லை, நீங்கள் எல்லாரும் கொடுத்தனுப்பிய குழம்பும் கறியும் அடைத்துக்கொண்டிருந்தன. அவர் தன் வீட்டுக்காரம்மாவிடம் கேட்டு அந்த ஃபிரீசரில் ஒன்றரை லிட்டர் தண்ணீர் பாட்டில்களை உறையவைத்து, குளிர்பையில் போட்டு, உட்லண்ட்சிலிருந்து சுவா சூ காங்கில் இருக்கிற எங்கள் வீட்டுக்கு ரயிலில் கொண்டு வந்திருக்கிறார்.

இடையில் நான் இரண்டு தடவை குளிக்க வந்தேன். பாம் ஷெல்ட்டர் பக்கம் திரும்பவே இல்லை. 11 நாள் கழித்து மனைவியைக் கூட்டி வந்து படுக்கவைத்த பிறகுதான் அந்தக் கதவைத் திறந்தேன். நாற்றத்துக்குத் தயாராக மூக்கைப் பிடித்துக்கொண்டுதான் திறந்தேன். நாற்றமில்லை. மூடி மேல் ஒரு பள்ளிக்கூட நோட்டு இருந்தது, நூல் கட்டிய பென்சிலோடு. அதிலிருந்து சில வரிகளை அப்படியே தருகிறேன்:

"திங்கள் இரவு 9.40. 25 பாகை. பாட்டில் 4. துண்டு காய்ந்திருந்தது, நனைத்தேன்."

"செவ்வாய் காலை 6.10. 21. குமிழ் நிறைய. சத்தம் நன்றாக இருக்கிறது."

"புதன் காலை. நுரை ஏர்லாக்கில் ஏறிவிட்டது. கழற்றி, கழுவி, மருந்துத் தண்ணீரில் முக்கி மாட்டினேன். கேட்காமல் செய்ததற்கு மன்னிக்கவும்." (ஏர்லாக் என்பது மூடியில் வாயு வெளியேற மாட்டுகிற சிறு அடைப்பு.)

"புதன் இரவு. தொட்டித் தண்ணீர் மாற்றினேன். கொசு வந்துவிடும்."

வியாழன் இரவு வரி வேறு கையெழுத்து. உருண்டை உருண்டையான எழுத்து. "20 பாகை. நான் பார்த்தேன். உள்ளே உயிர் இருக்கு." என் மகளுக்கு ஒன்பது வயது. அன்றிலிருந்து இரவு வரி எல்லாம் அவள் எழுதியது. அவர் பாட்டில் மாற்றுவார், அவள் வெப்பமானியைப் படிப்பாள். சனிக்கிழமை மட்டும் ஓர் ஓரத்தில் அவர் எழுத்து: "குமிழ் குறைகிறது. இனி பாட்டில் வேண்டாம், கடைசியில் சூடு கொஞ்சம் ஏறட்டும். ஆனால் பாப்பா அளக்க வேண்டும் என்றாள். அதனால் வருவேன்."

பாட்டில் மாற்ற வேலையில்லாத அந்த நாட்களிலும் வந்திருக்கிறார். மகளிடம் கேட்டேன், வந்து என்ன செய்வார் என்று. "டிகிரி பார்ப்போம், அப்புறம் கணக்குப் பாடம் சொல்லித் தருவாங்க, அப்புறம் போயிடுவாங்க" என்றாள். அம்மா எப்ப வருவாங்க என்று அந்த 11 நாளும் அவள் என்னிடம் போனில் கேட்கவில்லை. கேட்காததை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவும் இல்லை, அப்போதைக்கு அது வசதியாக இருந்தது. அவரிடம் கேட்டிருக்கிறாள். "பியர் ஆகறதுக்குள்ள வந்துடுவாங்க" என்று சொல்லியிருக்கிறார். எந்தத் தைரியத்தில் சொன்னார் என்று தெரியவில்லை. நானாக இருந்தால் சொல்லியிருக்க மாட்டேன்.

ஹைட்ரோமீட்டரைப் போட்டுப் பார்த்தேன். சாற்றின் அடர்த்தி 1.048ல் ஆரம்பித்தது 1.011ல் நிற்கிறது, அதாவது புளித்து முடிந்துவிட்டது. குழாயில் கொஞ்சம் பிடித்து வாயில் வைத்தேன். சுத்தமாக இருந்தது. நான் பக்கத்திலேயே இருந்து பார்த்துக்கொண்ட எதுவும் இவ்வளவு சுத்தமாக வந்ததில்லை. அங்கேயே தொட்டி விளிம்பில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

தம்பியைக் கூப்பிட்டேன். "நோட்டைப் பார்த்தீங்களாண்ணே? புதன்கிழமை கொஞ்சம் பயந்துட்டேன்" என்றார். பெயர் போட்டு எழுதக் கூடாது என்று சொன்னார், போடவில்லை. தம்பி, அடுத்த சாமான் வரும்போது உங்கள் பையைத்தான் முதலில் நிறுத்துவேன். தராசில் 5.1 வந்தால்தான் கட்டுவேன். பழைய பாக்கி ஒரு கிலோவாவது இருக்கும், அதையும் சேர்த்து உட்லண்ட்சுக்கு நானே கொண்டுவந்து தருகிறேன். வீட்டுக்காரம்மாவுக்குத் தேக்கா சந்தையிலிருந்து என்ன வாங்கி வரட்டும் என்று கேட்டுச் சொல்லுங்கள், அவர் ஃபிரீசருக்கும் நான் கடன்பட்டிருக்கிறேன்.

வரும் ஞாயிறு சீனி போட்டுப் பாட்டிலில் அடைக்கிறேன். இரண்டு வாரத்தில் வாயு ஏறிவிடும். அதற்கடுத்த சனிக்கிழமை எல்லாரும் வீட்டுக்கு வாருங்கள், எதிர்வீட்டுக்காரர்களும்தான். மலாய் அக்காவுக்கு பண்டுங் (ரோஜா சர்பத் கலந்த பால்) நான் கலக்குகிறேன். மனைவி சாய்வு நாற்காலியில் இருந்தபடி மேற்பார்வை பார்ப்பார். முதல் பாட்டிலை யார் திறப்பது என்பதை மகள் முடிவுசெய்துவிட்டாள், அதில் எனக்கு ஓட்டு இல்லை.

ஒரு விஷயம். நீல மூடி போட்ட டப்பா ஒன்று என் சமையலறையில் இருக்கிறது. உள்ளே அரை கிலோ வறுத்த பார்லி, பெயர் எழுதவில்லை. மாமியார் அதைக் காப்பித்தூள் என்று நினைத்து இரண்டு நாள் போட்டுக் குடித்திருக்கிறார், நன்றாகத்தான் இருந்ததாம். யாருடையது என்று சொன்னால் மிச்சத்தைத் திருப்பித் தருகிறேன்.