'சவுண்ட்' என்ற சொல்லைப் பிரித்துக் கொடுங்கள்: அகராதி தொகுப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

ஆங்கிலம்–தமிழ் அகராதி தொகுக்கும் ஆசிரியர் குழுவினருக்கு வணக்கம்.

'ரொம்ப சவுண்டு விடாதே' என்கிறோம். 'ஆள் நல்ல சவுண்டு பார்ட்டி, நம்பிக் கடன் கொடுக்கலாம்' என்றும் சொல்கிறோம். முதலாவது தொண்டை சமாச்சாரம், இரண்டாவது கல்லாப்பெட்டி சமாச்சாரம். பிறப்பிலேயே இரண்டும் வேறு வேறு சொற்கள். ஆனால் பள்ளிப் பிள்ளைகள் வைத்திருக்கும் கையகராதிகள் பலவற்றில் 'ஒலி, ஓசை, திடமான, நீரிணை, ஆழம் அளவிடு' என்று எல்லாம் காற்புள்ளி போட்டு ஒரே வரியில் நிற்கின்றன. ஓசைக்கும் நீரிணைக்கும் என்ன உறவு என்று கேட்கிற பிள்ளைக்கு யார் பதில் சொல்வது?

உறவே இல்லை என்பதுதான் பதில். ஓசையைக் குறிக்கும் சவுண்ட், 'சோனுஸ்' என்ற லத்தீன் சொல்லிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்தது. 14ஆம் நூற்றாண்டில் ஆங்கிலக் கவிஞர் சாசர் எழுதிய காலத்தில் அது 'சூன்'தான். கடைசி 'ட்' பிற்பாடு வந்து ஒட்டிக்கொண்டது. திடமான, நலமான என்ற பொருளுள்ள சவுண்டுக்கு லத்தீனோடு சம்பந்தமில்லை. அது பழைய ஆங்கிலத்தின் 'கெசுண்ட்'. யாராவது தும்மினால் ஜெர்மானியர்கள் 'கெசுண்ட்ஹைட்' என்று சொல்வார்களே, நாம் குழந்தைக்கு 'நூறாயுசு' சொல்வது போல, அந்தக் குடும்பத்துச் சொல் இது. 'சவுண்ட் ஸ்லீப்' என்பதில் இருப்பதும் இதுதான். இது தெரியாத பிள்ளை அதைக் குறட்டை என்று நினைத்தால் சிரிக்க முடியாது.

நீரிணையைக் குறிப்பது நீச்சலோடு தொடர்புள்ள 'சுண்ட்' என்ற வட ஐரோப்பியச் சொல். டென்மார்க்குக்கும் சுவீடனுக்கும் நடுவில் உள்ள ஓரேசுண்ட் நீரிணையின் பெயரில் அது இன்றும் இருக்கிறது. தரங்கம்பாடியில் 1620இல் கோட்டை கட்டிய டேனியர்களின் தலைநகரான கோபன்ஹேகன் அதன் கரையில்தான் உள்ளது.

நான்காவது சவுண்டுதான் எனக்கு மிகவும் பிடித்தது. ஆழம் பார்ப்பது என்று பொருள். பிரெஞ்சின் 'சோந்தே' என்ற வினையிலிருந்து வந்தது. அதற்கும் முந்தைய மூலம் லத்தீனா, மேலே சொன்ன 'சுண்ட்' உறவா என்பதில் அறிஞர்களுக்குள் ஒற்றுமை இல்லை. மாலுமிகள் கயிற்றில் ஈயக்குண்டைக் கட்டிக் கடலில் இறக்குவார்கள். குண்டின் அடியில் ஒரு குழி, அதில் கொழுப்பு. கயிற்றின் அளவு ஆழத்தைச் சொல்லும், கொழுப்பில் ஒட்டி வரும் மணலோ சேறோ அடித்தரையைச் சொல்லும். மிசிசிப்பி ஆற்றுப் படகுகளில் இப்படி அளந்து இரண்டு பாகம் (பன்னிரண்டு அடி) ஆழம் இருந்தால் 'மார்க் ட்வைன்' என்று கூவுவார்கள். அந்தக் கூவலைத்தான் ஓர் எழுத்தாளர் புனைபெயராக வைத்துக்கொண்டார்.

ஒருவர் மனதில் இருப்பதை நைசாகத் தெரிந்துகொள்ள முயல்வதை ஆங்கிலத்தில் 'சவுண்ட் அவுட்' என்பார்கள். தமிழில் நாம் அப்படியே 'ஆழம் பார்க்கிறான்' என்கிறோம், 'நூல் விட்டுப் பார்க்கிறான்' என்கிறோம். கையில் இவ்வளவு பொருத்தமான சொல் இருக்க, 'ஒலி' என்பதோடு சேர்த்துக் குழப்பிவிட்டால் அவன் போய்ச் சத்தம் போட்டதாகத்தான் மாணவர் எழுதுவார்.

குழப்பம் பள்ளியோடு முடியவில்லை. 1963 நவம்பர் 21 அன்று திருவனந்தபுரத்துக்கு அருகிலுள்ள தும்பாவிலிருந்து ஏவப்பட்டது ஒரு 'சவுண்டிங் ராக்கெட்'. மேல் வளிமண்டலத்தை ஆராயச் சென்றது அது. பெயரில் உள்ளது ஆழம் பார்க்கும் சவுண்ட். அகராதியை மட்டும் நம்பி மொழிபெயர்க்கிறவர் 'ஒலி ராக்கெட்' என்று எழுதினால் பழி அவர் மேல் இல்லை. வானிலைப் பலூனில் கட்டி அனுப்பும் ரேடியோசோண்டிலும் அதே ஈயக்குண்டுச் சொல்தான். மீனவர்கள் பயன்படுத்தும் எக்கோ சவுண்டர் இன்னும் வேடிக்கை: வேலை செய்வது ஒலியை வைத்து, ஆனால் பெயரில் உள்ள சவுண்டர் ஆழம் பார்ப்பது.

இந்த முறை நமக்குப் புதிதும் இல்லை. வடிவம் ஒன்றாகவும் தோற்றம் வேறாகவும் உள்ள சொற்களை எண் போட்டுத் தனித்தனியாகக் கொடுக்கும் வழக்கம் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகனிலேயே உண்டு. தமிழுக்குச் செய்ததை ஆங்கிலத்துக்குச் செய்யக் கூடாதா?

எல்லாவற்றையும் வெட்டிப் பிரிக்கவும் சொல்லவில்லை. போக்குவரத்துப் போலீசிடம் கட்டுகிற ஃபைனும், 'ஐ ஆம் ஃபைன்' என்கிற ஃபைனும் பார்க்க அந்நியர்கள் போல இருந்தாலும் முடிவு என்ற பொருளுள்ள 'ஃபீனிஸ்' என்ற ஒரே லத்தீன் சொல்லின் வழிவந்தவை. வழக்கை முடித்து வைக்கும் பணம் ஒன்று, நேர்த்தியாக முடிந்தது மற்றொன்று. இவற்றைச் சேர்த்துவைத்து, ஏன் என்று ஒரு வரி எழுதினால் போதும்.

பக்கம் கூடும், விலை ஏறும் என்பீர்கள். சரி, பள்ளிப் பாடத்தில் அடிக்கடி வரும் சவுண்ட், பார்க் (bark), மீன் (mean), பேங்க் (bank) போன்றவற்றில் மட்டும் தொடங்குங்கள். ஒவ்வொரு தலைச்சொல்லுக்கும் ஒரு வரிப் பிறப்பு, தமிழ் வழக்கிலிருந்து ஒரு இணைத்தொடர். அடுத்த பதிப்பில் 'சவுண்டிங் ராக்கெட்'டை ஆழம் பார்க்கும் சவுண்டின் கீழ் வைத்து, எதிரே 'ஆய்வு ராக்கெட்' என்று அச்சிட்டுத் தாருங்கள்.

அன்புடன்,
அகராதி புரட்டும் வாசகர் ஒருவர்