வீடு வாங்குறதப் பத்தி நீ கேட்டதுக்கு

மாப்ள,

உன் லெட்டர் கிடைச்சுது. இங்க எல்லாரும் சௌக்கியம், அம்மாவுக்கு முட்டி வலி மட்டும் அப்படியே தான் இருக்கு, உன்ன விசாரிச்சதா சொல்லச் சொன்னாங்க. பெரியவ காலேஜ் சேர்ந்துட்டா, ஹாஸ்டல்ல இருந்து டெய்லி போன் போட்டு ஒரே கம்ப்ளைண்ட். சரி, நீ கேட்ட விஷயத்துக்கு வர்றேன்.

வீடு வாங்கலாமா வேணாமான்னு ரெண்டு பக்கத்துக்கு கேட்டுட்டு, அதே லெட்டர்ல கடைசில போற போக்குல, இந்த வேலைல இனிமே ஓட்ட முடியாது, விட்டுட்டு சொந்தமா ஏதாவது ஆரம்பிக்கணும்னு எழுதியிருக்க பாரு, படிச்சதும் ரெண்டையும் ஒரே ஆள் தான் எழுதினானான்னு எனக்கு டவுட் வந்துருச்சு. லோன் பேப்பர்ல போடுற கையெழுத்து வீட்டுக்கு மட்டும் இல்லடா, அந்த சம்பளத்துக்கும் சேர்த்து தான். 20 வருஷம் மாசம் தவறாம அந்த தேதில பணம் அக்கவுண்ட்ல இருக்கணும். மேனேஜர் மூஞ்சிய பாத்து "போய்யா"ன்னு சொல்லிட்டு வர்ற சுதந்திரம் அன்னையோட போச்சு. மொதல்ல வேலைய பத்தி ஒரு முடிவுக்கு வா, வீடு எங்கயும் ஓடிப் போகாது.

வாடகை தண்டம், அதையே இஎம்ஐயா கட்டினா வீடாவது மிஞ்சும்னு உங்க மச்சான் சொல்றாருன்னு எழுதியிருந்த. எல்லா மச்சானும் இதையே தான் சொல்றாங்க. ஆனா இஎம்ஐக்குள்ள எவ்ளோ தண்டம் இருக்குன்னு ஒருத்தரும் பிரிச்சுப் பாக்குறதில்ல. 9 சதவீத வட்டி, 20 வருஷ லோன்னு வச்சுக்க. மொத மாசம் நீ கட்டுற பணத்துல 100க்கு 83 வட்டிக்கே போயிடும், அசல்ல குறையறது வெறும் 17. அஞ்சு வருஷம் ஒழுங்கா கட்டி முடிச்சிட்டு பேலன்ஸ் எவ்ளோன்னு பாத்தா வாங்கின 100ல இன்னும் 89 பாக்கி நிக்கும், பத்து வருஷம் கழிச்சும் 71 இருக்கும். அதான் மூணு நாலு வருஷத்துல ஊர் மாறிப் போக சான்ஸ் இருக்கறவன் வாங்கவே கூடாதுன்னு சொல்றது, வித்தா பாங்குக்கு போக மீதி, அதுல வாங்குறப்ப ஆன பத்திரச் செலவு, புரோக்கர் கமிஷன்னு எல்லாம் கழிச்சா கைல என்ன வரும்னு நீயே போட்டு பாரு. இன்னொண்ணு, ஃப்ளோட்டிங் ரேட்ல, அதாவது அப்பப்ப மாறுற வட்டில, வட்டி ஏறினா நெறைய பாங்குல இஎம்ஐய ஏத்தாம வருஷத்த நீட்டி விட்டுடுவாங்க, நாமளும் கவனிக்காம விட்டுடுவோம். அதே லோனுக்கு ஆரம்பத்துலயே 9 வந்து 10 ஆச்சுன்னா, அதே இஎம்ஐ கட்டினா 20 வருஷம் 26 வருஷத்த தாண்டிடும்.

இடத்தோட விலை எறங்கவே எறங்காதுன்னும் சொல்லியிருப்பாரே? 1991க்கு அப்புறம் ஜப்பான்ல நிலத்து விலை பத்து வருஷத்துக்கு மேல எறங்கிட்டே தான் போச்சு, அதையும் அவர்ட்ட சொல்லு, கோச்சுக்கிட்டா நான் பொறுப்பில்ல.

இதெல்லாம் படிச்சிட்டு இவன் வாடகை கட்சின்னு நெனைக்காத. எங்க ஓனர் பையன் திரும்பி வர்றான்னு காலி பண்ண சொல்லியிருக்காரு, சின்னவனுக்கு எக்ஸாம் நேரம், சுவத்துல ஒரு ஆணி அடிக்கணும்னாலும் பர்மிஷன் கேக்குற வாழ்க்கை எப்படி இருக்கும்னு எனக்கு தெரியாதா. தங்கச்சி சொந்த வீடு வேணும்னு கேக்குறதுல ஒரு தப்பும் இல்ல. அந்த நிம்மதிக்கு ஒரு விலை இருக்கு, குடுக்கலாம், ஆனா எவ்ளோ குடுக்குறோம்னு தெரிஞ்சு குடுக்கணும். நீ இப்ப இருக்குற மாதிரி வீட்டோட விலைய, அதோட ஒரு வருஷ வாடகையால வகுத்து பாரு. 15க்கு கீழ வந்தா வாங்குறது நல்லது, 20க்கு மேல போனா வாடகை தான் சீப்புன்னு பொதுவா சொல்வாங்க, வட்டிய பொறுத்து முன்ன பின்ன ஆகும்.

எனக்கு நெஜமா பயமா இருக்குறது எதுன்னா, சேத்து வச்ச மொத்தத்தையும் டவுன் பேமென்ட்டுக்கு போடுறேன்னு எழுதியிருக்கியே, அது தான். பத்திரம், பெயின்ட், கபோர்டு, வரி, மெயின்டனன்ஸ், எல்லாம் அதுக்கு மேல வரும். எல்லாம் போக ஆறு மாச செலவுக்கு பணம் தனியா நிக்கணும். ஆஸ்பத்திரி செலவு வந்தா வீட்டுல ஒரு ரூம மட்டும் விக்க முடியுமா?

அப்புறம் அந்த ஃபிளாட். பகல் 11 மணிக்கு புரோக்கர் கூட போய் பாத்துட்டு பிடிச்சிருக்குன்னு எழுதுற. 11 மணிக்கு எந்த வீடும் அழகா தான் இருக்கும். மழை பெஞ்ச மறுநாள் போ. பாத்ரூமுக்கு பின்பக்க சுவத்த தொட்டுப் பாரு, ஜில்லுன்னு இருந்தாலோ, அந்த ஒரு சுவத்துல மட்டும் புது பெயின்ட் வாசன அடிச்சாலோ உள்ள ஓதம் இருக்க சான்ஸ் இருக்கு. காலைல எல்லாரும் குளிக்கிற நேரத்துல குழாய தெறந்து பாரு, சாயந்திரம் ஆபீஸ் விடுற டைம்ல அங்கேர்ந்து வண்டிய எடுத்து ரோடு எப்படின்னு பாரு. வாட்ச்மேன்ட்ட பேச்சு குடு, யார் யார் ஏன் காலி பண்ணினாங்கன்னு அவருக்கு தெரியாம இருக்காது. பத்திரத்த நீயா ஒரு வக்கீல்ட்ட காட்டு, விக்கிறவங்க காட்டுற வக்கீல் வேண்டாம்.

என்ன கேட்டா, இப்ப அட்வான்ஸ் குடுக்காத. வரப்போற இஎம்ஐயும் மெயின்டனன்ஸும் சேத்து, அதுல இப்ப குடுக்குற வாடகைய கழிச்சிட்டு, மீதிய இந்த மாசத்துலேர்ந்து தனி அக்கவுண்ட்ல போடு. ஆறு மாசம் கை வைக்காம ஓட்ட முடியுதான்னு பாரு. முடிஞ்சா டவுன் பேமென்ட் கூடும், லோன் குறையும், முடியலன்னா பாங்குக்கு முன்னாடி உனக்கே தெரிஞ்சிடும். அதுக்குள்ள வேலை விஷயமும் ஒரு வழிக்கு வந்துடும்ல.

லீவுல வர்றப்ப பாங்க்ல குடுத்த அந்த பேப்பர்ஸ எடுத்துட்டு வா, உக்காந்து ஒவ்வொரு வரியா பாப்போம். தங்கச்சியையும் கூட்டிட்டு வா, முடிவு அவங்க தான எடுக்கப் போறாங்க.

இப்படிக்கு,
உன் பழைய பெஞ்ச் மேட்