அண்ணாவுக்கு: பொங்கலுக்கு நான் வரவில்லை

அண்ணா,

பொங்கலுக்கு வருகிறேன் என்று சொல்லியிருந்தேன். வரவில்லை. டிக்கெட்டை நேற்று ராத்திரி ரத்து செய்துவிட்டேன். காரணம் உன் கட்டில் பக்கத்து மேஜையின் இரண்டாவது இழுப்பறையில் இருக்கிற துப்பாக்கி. அது அங்கே இருக்கும்வரை அந்த வீட்டில் நான் தங்கமாட்டேன். இந்த முடிவுக்கு வர எனக்கு ரொம்ப நாள் ஆனது. இனி மாறாது.

இதை ஏன் ஊர் பார்க்க எழுதுகிறாய் என்று கோபம் வரும். போனை நீ எடுப்பதில்லை. மெசேஜ் போட்டால் ஒரு கட்டைவிரல் படம் வருகிறது. ஆனால் நான் இங்கே எழுதுவதை ஒன்றுவிடாமல் படிக்கிறாயாம், அம்மா சொன்னாள். சித்தப்பாவும் படிப்பார், அவர் மூலமாகக் குடும்ப வாட்ஸாப் குழுவுக்கே போய்விடும். அதனால் சிலவற்றைத் தொடாமல் போகிறேன். போன குளிர்காலத்தைப் பற்றி இங்கே ஒரு வரியும் இருக்காது. அது உன்னுடையது.

முதலில் உன் பக்கத்தைச் சொல்லிவிடுகிறேன். தப்பாக இருந்தால் திருத்து.

பெட்ரோல் பங்கில் அந்த ஆள் உன் கார் கதவை உதைத்து "உன் நாட்டுக்கே போ" என்று கத்தியபோது சுற்றி நின்றவர்களில் ஒருவர்கூட வாயைத் திறக்கவில்லை. போலீசுக்குச் சொல்லியும் ஒன்றும் நடக்கவில்லை. 2017 பிப்ரவரி 22 அன்று அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலம் ஒலேத்தாவில், வேலை முடிந்து நண்பரோடு ஒரு பாரில் உட்கார்ந்திருந்த ஸ்ரீநிவாஸ் குச்சிபோட்லாவை ஒருவன் நாட்டைவிட்டுப் போகச்சொல்லிக் கத்திச் சுட்டுக் கொன்றான். அதற்கப்புறம் பல வாரங்களுக்கு அம்மா நம்மைக் கடையில் தமிழ் பேச விடவில்லை. "வெளிய வாயத் தொறக்காதீங்க, வண்டிக்குள்ள வந்து பேசிக்கலாம்" என்பாள். அப்படி வாயை மூடிக்கொண்டு இனி வாழமாட்டேன் என்கிறாய். சட்டம் கொடுத்த உரிமை வெள்ளைக்காரனுக்கு மட்டும் எழுதியதில்லை என்கிறாய். முறைப்படி விண்ணப்பித்தாய், பயிற்சி எடுத்தாய், அனுமதி வாங்கினாய்.

சரியாகச் சொன்னேனா? சொல்லியிருப்பேன். இப்படிச் சொல்லப் பழகியதே உன்னைப் பார்த்துத்தான்.

நாம் இரண்டு பேரும் ஒரே வகுப்பில் உட்கார்ந்த ஒரே பாடம் அந்த விவாத வகுப்பு. நான் பத்தாவது, நீ பன்னிரண்டாவது. 2018 பிப்ரவரி 14 அன்று ஃபுளோரிடாவின் பார்க்லேண்ட் பள்ளியில் ஒருவன் சுட்டதில் 17 பேர் செத்துப்போனார்கள். மார்ச் 14 அன்று நாடு முழுக்க மாணவர்கள் செத்த ஒவ்வொருவருக்கும் ஒரு நிமிடம் என்று 17 நிமிடம் வகுப்பைவிட்டு வெளியே வந்தார்கள். நாமும் மைதானத்துப் பனியில் நின்றோம். நம் விவாத வகுப்பின் ஆரஞ்சுத் தொப்பிக்காரன் வரவில்லை. அவன் வீட்டில் எல்லோரும் மான் வேட்டைக்குப் போகிறவர்கள், நவம்பரில் சீசன் தொடங்கும் சனிக்கிழமை அவர்களுக்குத் தீபாவளி மாதிரி. வெளியே வராததற்காக அவனைக் கொலைகாரக் கூட்டம் என்று நம் பக்கத்துப் பிள்ளைகளே சொன்னார்கள். நானும் அந்தப் பக்கம்தான் நின்றுகொண்டிருந்தேன்.

அடுத்த வாரமே ஆசிரியை இதையே தலைப்பாக வைத்தார். துப்பாக்கி வாங்கும் வயதை 21 ஆக்க வேண்டுமா, எல்லா விற்பனைக்கும் வாங்குகிறவரைப் பற்றிப் பின்னணி விசாரணை வேண்டுமா. யார் எந்தப் பக்கம் என்று சீட்டுக் குலுக்கிப் போட்டார். கட்டுப்பாடு வேண்டும் என்ற சீட்டு தொப்பிக்காரனுக்கு, வேண்டாம் என்பது உனக்கு. இரண்டு பேர் முகமும் செத்துப்போனது. இதில் ஒரு விதி இருந்தது. எதிரே இருப்பவர் சொன்னதை முதலில் நீ உன் வாயால் சொல்ல வேண்டும். அவர் "ஆமாம், அதுதான்" என்ற பிறகே பதில் சொல்லலாம்.

நீ எழுந்து பேசியது இன்னும் காதில் இருக்கிறது. 1956-ல் வீட்டில் குண்டு வெடித்த பிறகு மார்ட்டின் லூதர் கிங் கைத்துப்பாக்கிக்கு அனுமதி கேட்டார், அலபாமா அதிகாரிகள் தரவில்லை என்றாய். 1967-ல் கருஞ்சிறுத்தைகள் என்ற கறுப்பின அமைப்பினர் துப்பாக்கியோடு போலீஸைக் கண்காணிக்கத் தொடங்கியதும் கலிஃபோர்னியா அவசரமாகச் சட்டம் போட்டது, கையெழுத்துப் போட்டது அப்போது அங்கே ஆளுநராக இருந்த ரீகன் என்றாய். அப்புறம் ஃபிலாண்டோ காஸ்டில் என்ற கறுப்பினத்தவர். நம் வீட்டிலிருந்து கொஞ்ச தூரத்தில், மின்னசோட்டாவின் ஃபால்கன் ஹைட்ஸ், 2016 ஜூலை. பள்ளிச் சமையற்கூடத்தில் வேலை செய்தவர், அனுமதி வைத்திருந்தவர், துப்பாக்கி இருக்கிறது என்று போலீஸ்காரரிடம் அவரே சொன்னவர். அந்தப் போலீஸ்காரரே அவரைச் சுட்டுக் கொன்றார், அப்புறம் விடுதலையானார். "கட்டுப்பாடு என்று எழுதினால் அது முதலில் யார் கழுத்தில் விழும்?" என்று கேட்டாய். தொப்பிக்காரன் எழுந்து, "சட்டம் எல்லோருக்கும் ஒன்று, ஆனால் வண்டியை நிறுத்தி விசாரிப்பது என்னை இல்லை, அதைத்தானே சொல்கிறாய்?" என்றான். நீ ஆமாம் என்றாய். ஒரு வெள்ளைக்காரப் பையன் அதைத் தானாகச் சொல்லி நான் அதுவரை கேட்டதில்லை.

அப்புறம் அவன் முறை. பள்ளியில் நடந்த கொலைகளைப் பற்றி அவன் பேசவே இல்லை. அமெரிக்காவில் துப்பாக்கியால் சாகிறவர்களில் பாதிக்கு மேல் தங்களையே சுட்டுக்கொள்கிறவர்கள் என்றான். அவன் மாமா அதில் ஒருவர் என்றான்.

நீ திருப்பிச் சொல்ல வேண்டும். "தற்கொலை எண்ணிக்கை அதிகம் என்கிறாய்" என்றாய். இல்லை என்றான். "விசாரணை நடந்திருந்தால் அவருக்கு விற்றிருக்கமாட்டார்கள் என்கிறாய்." இல்லை என்றான், இந்தத் தடவை குரல் உடைந்தது. நீ குறிப்பு எழுதிய தாளைக் கவிழ்த்து வைத்தாய். பேனா மூடியைப் போட்டாய், கழற்றினாய், மறுபடி போட்டாய். "உன் மாமா நல்ல மனிதர். துப்பாக்கியைப் பிடிக்கத் தெரிந்தவர், அவரால் யாருக்கும் ஆபத்தில்லை. அந்த ஒரு ராத்திரி மட்டும் அது வீட்டில் இல்லாமல் இருந்திருக்கலாம் என்கிறாய்" என்றாய்.

அவனால் பேச முடியவில்லை. தொப்பியைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டுத் தலையை மட்டும் ஆட்டினான்.

ஆசிரியை உன்னைப் பார்த்துப் பதில் சொல்லச் சொன்னார். பதில் இல்லை என்று உட்கார்ந்துவிட்டாய்.

அண்ணா, என் வாதமும் அதுதான். வேறு ஒன்றும் இல்லை. 2021-ல் இந்த நாட்டில் துப்பாக்கியால் செத்தவர்கள் 48,830 பேர், அதில் 26,328 பேர் தற்கொலை. பெட்ரோல் பங்க் ஆள் திரும்ப வருவான் என்ற பயம் எனக்கும் உண்டு. ஆனால் ராத்திரி மூன்று மணிக்கு என்னை எழுப்பி உட்காரவைப்பது அவன் இல்லை. தாங்க முடியாத நேரம் பெரும்பாலும் கொஞ்ச நேரம்தான், அது கடந்துபோகும் என்று இதை ஆராய்ந்தவர்கள் சொல்கிறார்கள். அந்தக் கொஞ்ச நேரத்தில் கை எட்டும் தூரத்தில் என்ன இருக்கிறது என்பதுதான் கேள்வி. இதற்குமேல் இங்கே எழுதமாட்டேன்.

இன்னொன்றும் மனதில் கிடக்கிறது, சொல்லிவிடுகிறேன். கல்லூரி முதல் வருடம் பஸ்ஸில் ஒருவன் என் முகத்துக்கு நேரே துப்பினான். அழுதுகொண்டே உன்னைக் கூப்பிட்டேன். "கண்டுக்காத, இங்க இதெல்லாம் இருக்கும்" என்றாய். உனக்கு நடந்தால் நாடே மாற வேண்டும், எனக்கு நடந்தால் நான் முகத்தைத் துடைத்துக்கொள்ள வேண்டும். வருஷங்கள் போயும் அது ஆறவில்லை. உன் கார் கதவை உதைத்த செய்தி வந்தபோது எனக்கு முதலில் வந்தது உன்மேல் கோபம், அழுகை அப்புறம்தான் வந்தது. மன்னித்துக்கொள். ஆனால் அப்படித்தான் இருந்தது.

மின்னசோட்டாவில் 2024 ஜனவரி 1 முதல் ஒரு சட்டம் இருக்கிறது. ஒருவர் தனக்கோ பிறருக்கோ ஆபத்து என்று பெற்றோர் பயந்தால், துப்பாக்கியைக் கொஞ்ச காலம் வாங்கி வைக்கச்சொல்லி நீதிமன்றத்தில் மனு போடலாம். யாரோ அம்மாவிடம் சொல்லியிருக்கிறார்கள், அவள் என்னைக் கேட்டாள். அந்தச் சட்டம் நல்ல சட்டம். ஆனாலும் இப்போதைக்கு வேண்டாம் என்றேன். காரணம் காஸ்டில். மாநிறத்தில் ஒருத்தன், வீட்டில் துப்பாக்கி, வாசலில் போலீஸ் வண்டி. அந்தப் படத்தை நினைக்கவே என்னால் முடியவில்லை. நீ வகுப்பில் சொன்னது எதையும் நான் மறக்கவில்லை, பார். அம்மாவுக்கு வேண்டாம் என்று சொன்னவள் என்பதால்தான் உன்னிடம் கேட்கும் பொறுப்பும் எனக்கு வந்துவிட்டது.

கேட்பது இதுதான். அதை விற்கச் சொல்லவில்லை. பனி உருகும்வரை வேறு இடத்தில் பூட்டிவைக்க ஏற்பாடு செய். வாங்கிய கடையில் கேட்டுப் பார், கொஞ்ச மாதம் வைத்துக்கொள்கிற கடைகள் உண்டு. அப்புறம் துப்பாக்கி உரிமை தரும் அந்த அரசியல் சட்டத்தின் இரண்டாவது திருத்தத்தைப் பற்றி எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பேசு. நீ சொன்னதைத் திருப்பிச் சொல்லிவிட்டுத்தான் பதில் சொல்வேன்.

படிக்கிற வேறு யாருக்காவது அமெரிக்காவில் தேவைப்பட்டால், தற்கொலை எண்ணம் வரும்போது கூப்பிடும் உதவி எண் 988. அண்ணா, உனக்கு என் எண் இருக்கிறது. எந்த நேரமானாலும் எடுப்பேன். நீ எடுக்காத கோபம் தனிக் கணக்கு, அதை நேரில் பார்த்துக்கொள்ளலாம்.

உன் தங்கச்சி