வடிகால் கான் வெட்டிவிட்டுச் சுவர் எழுப்புங்கள்

தோஹா, கத்தார்

அன்புள்ள அண்ணனுக்கு,

நான் நல்ல சுகம். அங்கே எல்லோரும் எப்படி? இதை அம்மாவுக்கும் வாசித்துக் காட்டுங்கள். போனில் "சாப்பிட்டாயா?"வைத் தாண்டிப் பேச்சு போவதில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

இப்போது கடும் வெயில் காலம். ஜூன் 1 முதல் செப்டெம்பர் 15 வரை, காலை 10 மணியிலிருந்து பின்னேரம் 3.30 வரை திறந்த வெளியில் வேலை வாங்கக் கூடாது என்று இங்கே சட்டம். அதனால் விடியுமுன்னே பஸ் ஏறிவிடுவோம். எனக்கு இன்னும் கம்பி கட்டும் வேலைதான். கொங்கிரீட் பெரும்பாலும் இரவில்தான் போடுகிறார்கள். சூட்டில் அவசரமாக இறுகிவிடக் கூடாது என்று கலவையில் ஐஸ் கூடச் சேர்க்கிறார்கள். போட்ட பிறகு ஈரச் சாக்கால் மூடி, நாள் கணக்கில் நனைத்துக்கொண்டே இருக்க வேண்டும். நம் பக்கம் மழை சும்மா செய்து தருகிற வேலைக்கு இங்கே ஆள் வைத்துச் சம்பளம் கொடுக்கிறார்கள்!

அறையில் மட்டக்களப்பு அண்ணன் ஒருவர், திருச்சிப் பையன் ஒருவன், நேபாளத்துத் தம்பிகள் இரண்டு பேர். மீன் குழம்பு மட்டக்களப்பார் பொறுப்பு. ரொட்டியும் சம்பலும் என் முறை. திருச்சிக்காரன் நல்லவன், ஆனால் நம் மலைத் தேயிலையைப் பாலில் போட்டுக் கொதிக்கக் கொதிக்கச் சாகடிக்கிறான். பார்க்கச் சகிக்காமல் எனக்கு மட்டும் தனியாகப் பால் இல்லாத பிளேன்ரீ ஊற்றிக்கொள்கிறேன்.

வெள்ளிக்கிழமை லீவு. வெயில் ஏறுமுன் கிரிக்கெட். டேப் சுற்றிய பந்து, விக்கெட்டுக்குப் பெயின்ட் வாளி. நம் கிரவுண்டில் பந்து தேயிலைக்குள் போனால் அவுட், அட்டைக்கடி வேறு. இங்கே எந்தப் பக்கம் பார்த்தாலும் மட்டமான கட்டாந்தரை, அடித்த பந்து நிற்கவே நிற்காது. சிக்ஸ் அடித்தவனே ஓடிப்போய் எடுத்து வர வேண்டும் என்று சட்டம் போட்டிருக்கிறோம். அப்புறம் யாரும் பெரிய அடி அடிப்பதில்லை. பின்னேரம் வொலிபோல். நம் இலங்கைக்கும் நேபாளத்துக்கும் அதுதான் தேசிய விளையாட்டு என்பதால் மானப் பிரச்சினையாகிவிடும். அவர்கள்தான் ஜெயிக்கிறார்கள், அதை விடுங்கள்.

சரி, வீட்டு விஷயம். 7 பேர்ச்சஸ் காணியில் வெட்டிச் சமப்படுத்திய இடத்தைப் படத்தில் பார்த்தேன். தோட்டத்து வரிசை வீடான லயத்துக் காம்பராவை விட்டு நம் பெயரில் ஒரு வீடு என்று நினைத்தாலே சந்தோஷம். ஆனால் பின்பக்க மண்ணை நேர் செங்குத்தாக வெட்டியிருக்கிறார்கள், அதுதான் மனசுக்குச் சரியில்லை. மழைத் தண்ணீர் மண்ணுக்குள் ஊறி, வெளியே வர வழியில்லாவிட்டால் அங்கே கட்டும் அணைச் சுவரைத் தள்ளத்தான் பார்க்கும். சுவர் எவ்வளவு தடிப்பு என்பதெல்லாம் அப்புறம். கொஸ்லந்தை மீரியபெத்தையில் 2014 ஒக்டோபரில் மண்சரிவில் லயமே மண்ணுக்குள் போனதை நாம் மறக்கவில்லையே. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்து ஆட்கள் இடத்தைப் பார்த்துச் சொல்லட்டும், அதுவரை அத்திவாரம் வேண்டாம்.

அவர்கள் சரி என்றால், மேட்டின் தலைப்பில் முதலில் ஒரு கான் வெட்டுங்கள். தண்ணீர் பெரிய கானில் போய் விழ வேண்டும், பக்கத்து வீட்டுப் பெரியம்மாவின் மரக்கறிப் பாத்தியில் அல்ல. கான் வெட்டுவதை அப்பாவுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை, மலையில் எத்தனை வருஷம் வெட்டியவர்! வாட்டம் அவரே பார்க்கட்டும். அணைச் சுவர் கட்டும்போது அடியிலும் நடுவிலும் பைப் துண்டுகளை வெளிப்பக்கம் சற்றுச் சரித்து வைத்துவிடச் சொல்லுங்கள். சுவருக்குப் பின்னால் மண்ணை அப்படியே கொட்டாமல் சல்லிக் கல் போட வேண்டும். மேசன் பாஸ் "தேவையில்லை தம்பி" என்பார், வேலை கூடுகிறதே! விடாதீர்கள். மூடுமுன் ஒரு படம் எடுத்து அனுப்புங்கள்.

அடுத்த சம்பளத்தில் சீமெந்துக்கும் சல்லிக்கும் அனுப்புகிறேன். இஸ்தோப்பு வராந்தாவுக்கு டைல்ஸ் இப்போது வாங்க வேண்டாம். அண்ணி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டால், நான்தான் தடுத்தேன் என்று சொல்லிவிடுங்கள்.

இப்படிக்கு,
அன்புத் தம்பி