அம்மாவின் செம்போடு காட்டுவழியில்

கல்லடி,
மட்டக்களப்பு.

அன்பின் தோழிக்கு,

உன் கடிதம் வந்து மூன்று கிழமையாகிறது. பதில் சுணங்கியதற்குக் கோபிக்காதே, நான் காட்டில் இருந்தேன். உகந்தை முருகன் கோயிலிலிருந்து கதிர்காமத்துக்கு நடந்தே போய்விட்டேன்!

அம்மா வைத்த நேர்த்தி உனக்கும் தெரியும். தம்பி பிழைத்தால் இன்னொரு முறை நடந்து வருவேன் என்று கந்தனிடம் சொல்லியிருந்தார். முதலில் சண்டை வழியை அடைத்தது, பிறகு முழங்கால் விடவில்லை. கடைசிவரை அந்தக் கடனைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார். ஆகவே அவருடைய பித்தளைச் செம்பை எடுத்துக்கொண்டு புறப்பட்டேன்.

யாழ்ப்பாணத்துச் செல்வச்சந்நிதி முருகன் கோயிலில் வேலாயுதத்தை எடுத்துக்கொண்டு வைகாசியில் கிளம்பியவர்களும் உகந்தையில் வந்து சேர்ந்தார்கள். திருகோணமலை, மட்டக்களப்பு, பொத்துவில் என்று ஒன்றரை மாதத்துக்கு மேல் நடந்த கால்கள். அவற்றின் முன்னால் என்னுடைய ஐந்து நாள் எம்மாத்திரம்! காட்டு வாசலில் பெயர் பதிந்துவிட்டு, "அரோகரா" என்று உள்ளே போனோம். அதற்குப் பிறகு யாருக்கும் பெயரில்லை. பெரியவரும் சாமி, சிறுபிள்ளையும் சாமி.

கூமுனை தாண்டி, கும்புக்கன் ஆற்றில் முழுகி எழும்பும்வரை கவலையில்லை. அதற்கு அப்பால் கச்சான் காற்றில் உதடு வெடித்தது. சில இடங்களில் பவுசரில் தண்ணீர் கொண்டுவந்து கொடுக்கிறார்கள். ஆனாலும் மூன்றாம் நாள் பின்னேரம் எங்கள் கூட்டத்தில் ஒரு சொட்டும் இல்லை. அப்போது பாணமையிலிருந்து வந்த ஒரு சிங்கள அம்மா, காய்ந்து கிடந்த ஓடையில் குந்தி மணலைக் கையால் தோண்டத் தொடங்கினார். பாணமையில் இரண்டு மொழியும் புழங்கும், தெரியும்தானே. முழங்கை ஆழம் போனதும் மணல் கறுத்தது, பிறகு கலங்கல் நீர் கசிந்தது. இரண்டு தரம் இறைத்துக் கொட்டினார். மூன்றாம் தரம் ஊறியதைச் சிரட்டையால் அள்ளி, செம்பின் வாயில் என் சேலைத் தலைப்பைப் போட்டு வடித்தார். செம்பு நிறையக் கால் மணி நேரம் சென்றது. தான் வாய் வைக்கவில்லை. பின்னால் கால் இழுத்துக்கொண்டு வந்த முதியவரிடம் நீட்டி, "குடியுங்கள் சாமி" என்றார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. இதைச் சொல்லத்தான் முக்கியமாக எழுத உட்கார்ந்தேன்.

யானை பார்த்தாயா என்று கேட்பாய். சாணம்தான் பார்த்தேன், சூடாக.

ஒன்று மட்டும் மனதைப் போட்டு அறுக்கிறது. காட்டுக்குள் வியாழை என்ற இடத்துப் பக்கம் வழிநெடுகப் பிளாஸ்டிக் போத்தல், பிஸ்கட் உறை. மானும் மயிலும் தண்ணீர் தேடி வருகிற மடுவின் கரையிலும் கிடக்கிறது. எல்லாம் எங்களைப் போல அரோகரா சொல்லிக்கொண்டு போனவர்கள் போட்டவை. நாங்கள் நாலைந்து பேர் உரப் பையில் பொறுக்கிச் சுமந்தோம். சுமந்தது கொஞ்சம், விட்டது அதிகம். அடுத்த முறை புறப்படும்போதே ஆளுக்கொரு பை கொண்டுவரச் சொல்லப் போகிறேன்.

வள்ளியம்மன் ஆறும் கட்டகாமமும் கடந்து ஐந்தாம் நாள் மாணிக்க கங்கையில் இறங்கினேன். பஸ்ஸில் வந்து எத்தனையோ தரம் கும்பிட்ட கோயில்தான். சிலையில்லை, அதே திரைதான், வாயை வெள்ளைத் துணியால் மூடிய கப்புறாளை என்ற பூசகரின் அதே மௌனம்தான். அந்தத் திரைக்கு முன்னால் முன்பெல்லாம் தம்பிக்கு வேலை, வீட்டுக்கு ஓடு என்று பட்டியல் சொல்வேன். இந்த முறை ஒன்றும் கேட்க வரவில்லை. "அம்மா வந்துவிட்டார்" என்று மட்டும் சொன்னேன்.

உன் மகளுக்குப் பரீட்சை எப்போது முடிகிறது? அடுத்த ஆடிக்கு நீ வருவதாக இருந்தால் இப்போதே நடந்து பழகு, நீ இருக்கும் நாட்டில் பனி இருந்தாலும் பரவாயில்லை. செம்பில் கங்கைத் தண்ணீர் கொண்டுவந்தேன். பாதியைத் தம்பி வீட்டுக்குக் கொடுத்தேன். மீதி சாமியறையில் உனக்காக இருக்கிறது.

அன்புடன்,
உன் பள்ளித் தோழி