கடைசிப் பொத்தானிலிருந்து தொடங்கிய டீச்சருக்கு

அன்புள்ள டீச்சர் அவர்களுக்கு,

வணக்கம். நீங்கள் முனைவர் பட்ட ஆய்வில் சேர்ந்திருப்பதாகக் கேள்விப்பட்டு மிகவும் மகிழ்ந்தேன். உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும்.

சிறப்புக் கல்விப் பயிற்சி மாணவியாகக் காட்பாடியில் எங்கள் வீட்டுக்கு வந்தபோது, வளர்ச்சிக் குறைபாடுள்ள என் மகனுக்குச் சட்டைப் பொத்தான் போடக் கற்றுக்கொடுத்தீர்கள். பொத்தானை நீங்களே காஜாவுக்குள் பாதி நுழைத்துவிட்டு, மறுபக்கம் எட்டிப் பார்த்த விளிம்பைப் பிடித்து இழுப்பதை மட்டும் அவனிடம் விட்டீர்கள். அது கைவந்த பிறகே அதற்கு முந்தைய படிக்குப் போனீர்கள். முழு வேலையையும் ஒரேயடியாகச் சொல்லி அவனை அழவைத்துக்கொண்டிருந்த எனக்கு, கடைசிப் படியிலிருந்து தொடங்கினால் ஒவ்வொரு முறையும் அவன் கையாலேயே வேலை முடியும் என்பது அன்றுதான் விளங்கியது.

இன்று அவனுக்கு 19 வயது. எல்லாப் பொத்தான்களையும் தானே போடுகிறான். போட்டுக்கொண்டு போவதற்குத்தான் இடமில்லை. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இலவசக் கல்வியை 18 வயதுவரை உறுதி செய்கிறது. அவன் படித்த பள்ளியும் அந்த வயதோடு அனுப்பிவிட்டது. 1999-ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி, மாவட்ட ஆட்சியர் தலைமையிலான குழுவிடம் சட்டக் காப்பாளர் சான்றுக்கு விண்ணப்பித்திருக்கிறோம். சான்று அவன் சார்பில் நாங்கள் கையெழுத்துப் போட உதவும். அவனுடைய பகல் பொழுதுக்கு அது என்ன செய்யும்?

இத்தகைய பிள்ளைகளுக்காக ஆராய்ச்சி, பயிற்சி, சேவை மூன்றையும் சேர்த்து நடத்தும் பல்கலைக்கழக மையங்களுக்கு அமெரிக்காவில் 1963-ஆம் ஆண்டுச் சட்டமே வழிவகுத்தது. நம் ஊருக்கும் இது புதிதன்று. பாகாயத்தில் சி.எம்.சி. மருத்துவமனையின் நம்பிக்கை நிலையம் என்ற பயிற்சி மையத்தில் பிள்ளையோடு பெற்றோரும் உட்கார்ந்து கற்கிறார்கள். வேலூர்க்காரியாக அதில் எனக்குப் பெருமை உண்டு. ஆனால் பிள்ளைகள் வளர்ந்த பின் என்ன ஆகிறார்கள் என்பதையும் யாராவது ஆராய வேண்டும். நீங்கள் அதை எடுத்துக்கொள்ள வேண்டும் என்பதே என் வேண்டுகோள்: எந்த வேலை இவர்களுக்குப் பொருந்துகிறது, பஸ்ஸில் தனியே போக எப்படிப் பழக்குவது, எங்கள் காலத்துக்குப் பின் யாரோடு இருப்பார்கள்?

முன்பு ஒருவர் வந்து இரண்டு மணி நேரம் கேள்விகள் கேட்டு எழுதிக்கொண்டு போனார். முடிவு என்னவென்று இன்றுவரை யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. நீங்கள் கேள்வித்தாளை அச்சிடும் முன்பே வாருங்கள். எதைக் கேட்க வேண்டும் என்று எங்களைப் போன்ற நாலு தாய்மார்கள் சொல்கிறோம். காலை ஒன்பது மணிக்கு வந்தால் அவன் சட்டை போட்டு, தலை வாரி, திண்ணையில் உட்கார்ந்திருப்பான்.

அன்புடன்,
உங்கள் மாணவனின் அம்மா